வலி இல்லை, கனம்

ஸ்கேன் அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. வெளியே நாற்காலிகளில் காத்திருப்பவர்களுக்கு முதலில் அறிமுகமாவது ஸ்கேன் எடுக்கிறவளுடைய குரல்தான், முகமெல்லாம் பிறகுதான். கதவு சாத்தியிருந்தாலும் அந்தக் குரல் கசிந்து வரும். "மூச்சை இழுங்க… விடுங்க… அப்படியே பிடிங்க." கொஞ்ச நேரம் கழித்து, "போதும், விடலாம்." இதயத்தைப் படம் பிடிக்கும்போது நெஞ்சுக்கூடு ஆடக்கூடாது என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்லுவாள். இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் வைத்தவர் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆள். "ஊர்ல எல்லாரும் தானா மூச்சு விடறாங்க. இங்க மட்டும்தான் இந்த அக்கா உத்தரவு போட்டாத்தான் விடறாங்க" என்று ஒரு நாள் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள்கூட அவள் இல்லாத இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

அவள் கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிற வேலை. அதிகம் பேசமாட்டார், பேசினால் முகத்தை மாற்றாமல் பேசுவார். "எங்க வீட்ல வேலைய பிரிச்சுக்கிட்டோம். வெளிய பாக்கறதுக்கு நான், உள்ள பாக்கறதுக்கு இவ" என்று புதிதாக யார் வந்தாலும் சொல்லுவார். அவளுக்கு அது ஆயிரம் தடவை கேட்டுப் புளித்த பேச்சு. ஆனாலும் அவர் அதைச் சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் தட்டை எடுத்துவைக்கிற சாக்கில் உள்ளே போய்விடாமல் நின்று கேட்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, ஸ்கேன் கட்டுப்பாட்டு அறையில் போன் அடித்தது. பேசியது கண்ணாடிக் கடைக்காரர். தேய்க்கிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம், கொண்டுபோன இடத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் இதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அவள் முழுக்கக் கேட்டாள். "சரி" என்றாள். போனை வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குழாய்க்குள் ஒரு ஆள் பாதி ஸ்கேனில் படுத்திருந்தார். அவள் மைக்கை அழுத்தி, "மூச்சை இழுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு பதினான்கு படங்கள் பாக்கியிருந்தன. பதினான்கையும் எடுத்தாள். அந்த ஆளை வெளியே எடுத்து, "மெதுவா எழுந்திரிங்க, தலை சுத்தும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். படங்களை அனுப்பினாள். அதன் பிறகுதான் மாலை ஷிப்ட் பார்க்கிற தோழிக்குப் போன் போட்டு, "கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா? வீட்ல ஒரு விஷயம்" என்றாள். இந்தத் தோழியைச் சுருட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், தலைமுடியை வைத்து.

இந்தக் கதை ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது. கடமை என்றால் அதுதான் என்றது ஒரு கட்சி. நெஞ்சில் ஈரமே இல்லாதவள் என்றது இன்னொரு கட்சி. அவளைக் கேட்டிருந்தால் இரண்டும் இல்லை என்றிருப்பாள். அடுத்துச் செய்ய வேண்டியது அதுவாக இருந்தது, செய்தாள், அவ்வளவுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகும் வரவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த கூடப்பிறந்த அக்காதான் அவள் பங்குக்கும் சேர்த்து அழுதாள். அந்த அக்கா எதற்கும் அழுகிறவள். யாராவது தும்மினாலே கண் கலங்குவாள். "அழுதுடுடி. உள்ளயே வச்சிருந்தா நெஞ்சு வெடிச்சிடும்" என்று தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய உலுக்கில் தோள்தான் வலித்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மகன் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனான். அவனும் அதிகம் பேசவில்லை. சமையலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்ததைச் சரிசெய்து கொடுத்தான்.

அவன் போன பிறகுதான் அந்தக் கனத்தை அவள் முதன்முதலாகக் கவனித்தாள். நெஞ்சின் நடுவில், ஈரப் போர்வையை நாலாக மடித்து வைத்தது மாதிரி ஒரு கனம். வலி என்று சொல்ல முடியாது. குத்தவில்லை, எரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடும்.

அவள் வீடு நான்காவது மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் ஒன்று உண்டு. அதன் கதவு மட்டும் ஒழுங்காகத் திறந்து மூடும், ஆள் ஏறினால் நகராது. படியேறிப் போகும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் அந்தக் கனம் வந்துவிடும். அங்கே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். பூட்டிய வீட்டைத் திறக்க மனம் வரவில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். குளிர்ந்த காலையில் துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனால் வரும். கயிற்றில் அவர் சட்டைகள் இல்லையே, அதனால்தான். பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தால் வரும். அதற்கும் ஏதோ ஒரு காரணம் கிடைத்தது.

இதுதான் துக்கம் போலிருக்கிறது என்று முடிவு செய்தாள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி வருமாயிருக்கும். அக்காவுக்குக் கண்ணில் வருகிறது, தனக்கு இங்கே வருகிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஈரமில்லாதவள் என்று யாரோ பேசியது காதில் விழுந்த நாளில், படியில் நின்று அந்தக் கனம் இறங்கும்வரை காத்திருந்தபோது, ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. கல்நெஞ்சு என்றால் இது எப்படி வரும்?

மற்றபடி எல்லாம் மரத்துத்தான் இருந்தது. சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. டிவியில் எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவர்கள் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. இரண்டு வருஷம் அப்படிப் போனது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு ஒரு இதய டாக்டர் ஆராய்ச்சி செய்ய வந்து சேர்ந்தார். எதைக் கேட்டாலும் "ஒரே நிமிஷம்" என்பார். அந்த நிமிஷம் முக்கால் மணி நேரம் நீளும். ஆகவே அவர் பெயர் நிமிஷம். நல்ல மனுஷர். மூச்சக்காவின் வேலைக்கு மரியாதை கொடுப்பவர். எந்த ஸ்கேனையும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மாற்றுவார்.

அவருடைய ஆராய்ச்சி இதயத் தசைக்குப் போதுமான ஆக்ஸிஜன் கிடைக்கிறதா என்று ஸ்கேனிலேயே பார்ப்பது. ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தமும், ஆக்ஸிஜனைக் கொடுத்துத் தீர்த்த ரத்தமும் ஸ்கேன் மெஷினில் இருக்கிற காந்தத்துக்கு முன்னால் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தீர்ந்த ரத்தம் அதிகமாக இருக்கிற இடம் படத்தில் கறுக்கும்; நிறைந்த ரத்தம் பாய்கிற இடம் வெளுக்கும். ஊசி இல்லை, மருந்து இல்லை. படுத்திருக்கிறவர் ஒரு நிமிஷம் வேகவேகமாக மூச்சு விட வேண்டும், பிறகு முடிந்தவரை பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சைப் பிடித்தால் நல்ல இதயத்தின் நுண்குழாய்கள் எல்லாம் வாயைத் திறந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். தசை முழுக்க வெளிச்சமாகும். எங்கே குழாய்கள் திறக்க மறுக்கின்றனவோ அந்த இடம் மட்டும் இருட்டாகவே கிடக்கும்.

நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் வேண்டும். இருபது பேர் தேவை. சுருட்டையின் கணவர் படுத்தார், கேண்டீன்காரம்மா படுத்தார், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் படுத்து உள்ளேயே தூங்கிப்போனார். பத்தொன்பது சேர்ந்தது. ஐம்பது வயசுக்கு மேல் ஒரு பெண் மட்டும் குறைந்தது.

"நீங்களே படுங்களேன் மேடம்" என்றார் நிமிஷம். "உங்களைவிட நல்லா மூச்சு பிடிக்கிற ஆள் எனக்கு எங்க கிடைப்பாங்க?"

"பிடிக்கச் சொல்லித்தான் பழக்கம் டாக்டர். பிடிச்சுப் பழக்கமில்ல" என்றாள். ஆனால் சம்மதித்தாள். ஒரு நாள் முழுக்க டீ, காபி குடிக்கக்கூடாது என்பது விதி. ரத்தக்குழாய்களை அது குழப்பும். அது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது.

படிவம் கொடுத்தார்கள். நெஞ்சு வலி உண்டா? இல்லை. மூச்சுத் திணறல்? இல்லை. மயக்கம்? இல்லை. உழைக்கும்போது நெஞ்சில் அசௌகரியம்? அந்த இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. அது இதயத்தைப் பற்றிய கேள்வி. தனக்கு இருப்பது வேறு. இல்லை என்று எழுதினாள். பொய் சொல்கிறோம் என்கிற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் சுருட்டைதான் மெஷினை இயக்கினாள். நெஞ்சின் மேல் படமெடுக்கும் தகட்டைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, அழைக்கிற பந்தைக் கையில் கொடுத்தாள். "பயமா இருந்தா அமுக்குக்கா" என்று சிரித்தாள். ஆயிரக்கணக்கானவர்களை அந்தக் குழாய்க்குள் அனுப்பியவள் தானும் ஒரு நாள் உள்ளே போனாள். மேலே, முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில், பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

தட்தட்டென்று மெஷின் அடிக்கத் தொடங்கியது. ஹெட்போனில் சுருட்டையின் குரல் வந்தது. அவளுடைய அதே வார்த்தைகள், அதே இழுப்பு. இத்தனை நாள் பக்கத்தில் நின்று அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறாள். பிறகு மணியோசைக்கு ஏற்ப வேகமாக மூச்சு விட்டாள். இரண்டு விநாடிக்கு ஒன்று. விரல் நுனிகள் ஊசி குத்துவதுபோல் ஆயின. உதடு மரத்தது.

"விடுங்க… அப்படியே பிடிங்க."

பிடித்தாள். இருபது விநாடி ஒன்றும் இல்லை. முப்பதுக்குப் பக்கத்தில் அந்த ஈரப் போர்வை வந்து நெஞ்சில் அமர்ந்தது. அவள் ஆச்சரியப்பட்டாள். இப்போது அவரை நினைக்கவே இல்லையே. படியும் இல்லை, பால்கனியும் இல்லை. சரி, வந்துவிட்டது என்றால் நினைப்பதுதான் முறை என்று, அவர் லென்ஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் காட்சியை நினைத்துப் பார்த்தாள். ஐம்பத்தோராவது விநாடியில் மூச்சு விட்டாள். பந்தை அமுக்கவில்லை.

வெளியே வந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தபோது, திரையின் முன்னால் நிமிஷமும் சுருட்டையும் பேசாமல் நின்றிருந்தார்கள். சுருட்டை பேசாமல் நிற்கிற பழக்கம் உள்ளவள் இல்லை. மூச்சக்கா அவர்களுக்கு நடுவில் தலையை நுழைத்துத் திரையைப் பார்த்தாள்.

இதயத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் தசை ஒரு வளையம் மாதிரி தெரியும். கம்ப்யூட்டர் நிறம் ஏற்றிக் காட்டுகையில், மூச்சு பிடிக்கப் பிடிக்க அந்த வளையம் நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போக வேண்டும். பத்தொன்பது பேருக்கும் போனது. இந்த வளையம் பாதிக்கு மேல் மஞ்சளானது. முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு கருநீலமாகவே கிடந்தது. நேரம் போகப் போக அது இன்னும் கறுத்தது.

"இது என்னோடதா?" என்றாள்.

"ஒரே நிமிஷம்" என்றார் டாக்டர். இந்தத் தடவை அவர் நேரம் கடத்துவதற்காகச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். "மேடம், நெஞ்சு வலி இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"வலி இல்ல டாக்டர். கனம்."

"எப்ப வரும்?"

"படி ஏறும்போது. குளிர்ல. வேகமா நடந்தா."

"நின்னா போயிடுமா?"

"போயிடும்."

"எத்தனை நாளா இருக்கு?"

"அவர் போனதுலேர்ந்து."

சுருட்டை அவள் தோளில் கை வைத்து, "ஏங்க்கா, தினமும் இதே கேள்விய எத்தனை பேர்கிட்ட கேக்கறோம்? இதைத்தானேக்கா எல்லாரும் சொல்றாங்க?" என்றாள். அவள் சொன்னது நிஜம். படியேறினால் வருகிறது, நின்றால் போகிறது என்று யாராவது சொன்னால் அது இதயம் என்று மூச்சக்காவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அடுத்த வாரம் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெரிய ரத்தக்குழாய்கள் மூன்றும் சுத்தமாக இருந்தன; அடைப்பு என்று ஒன்றும் இல்லை. இதை மட்டும் பார்த்திருந்தால், "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, மனக் கவலைதான், போய் ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பியிருப்பார்கள் என்றார் நிமிஷம். கோளாறு நுண்குழாய்களில் இருந்தது. அவை வேண்டிய நேரத்தில் விரிவதில்லை. தசை ஆக்ஸிஜனுக்குத் தவிக்கிறது. காலையில் இரண்டு மாத்திரை, மாலையில் ஒன்று, அவசரத்துக்கு நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்ப்ரே. "நல்ல வேளையா இப்பவே கண்டுபிடிச்சோம்" என்று அவள் கையைக் குலுக்கினார். அவளும் குலுக்கினாள்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் இருக்கும். இரண்டு பேரும் கடைக்குப் போய்விட்டுப் பைகளோடு படியேறினார்கள். மூன்றாவது மாடியில் அவள் நின்று, "கொஞ்சம் நில்லுங்க, நெஞ்சு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். அவர் அவள் கையிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டு, "உள்ள பாக்கற ஆளு நீ. என்னன்னு பாத்துச் சொல்லு" என்றார். அவள் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. இரண்டு பேரும் அதை மறந்துபோனார்கள்.

அப்படியானால் அவர் இருக்கும்போதே அது இருந்திருக்கிறது. துக்கம் வருவதற்கு முன்னால் துக்கம் எப்படி வரும்? அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. இரண்டு நிறுத்தம் திரும்ப நடந்து வந்தாள்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் சாவியைக் கையில் எடுத்தபோதுதான், எங்கேயும் நிற்காமல் நான்காவது மாடி வரை வந்துவிட்டது தெரிந்தது. அதே கதவு. அதே காலி வீடு. நெஞ்சில் ஒன்றும் இல்லை. கதவைத் திறக்காமல் அங்கேயே நின்று காத்துப் பார்த்தாள். துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி உள்ளே சுத்தமாக இருந்தது. பயமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. அவருக்காகத் தன்னிடம் இருந்தது அந்தக் கனம் ஒன்றுதான்; இப்போது அதுவும் தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை மாத்திரையைக் கையில் எடுத்தாள், திரும்ப அட்டைக்குள் செருகப் பார்த்தாள், முடியவில்லை, குப்பையில் போட்டாள். அடுத்த நாளும் போட்டுக்கொள்ளவில்லை. ஆறாவது நாள் மூன்றாவது மாடியில் அது வந்தது. அவள் படியில் உட்கார்ந்து, பழைய ஆள் ஒருவர் வந்தது போல அதற்கு இடம் கொடுத்தாள். ஆனால் கண்ணை மூடினால் அவர் முகம் வரவில்லை. அந்த வளையம்தான் வந்தது, முன்பக்கம் கறுத்துக் கிடக்க. எவ்வளவு முயன்றாலும் இனி அதை வேறு எதுவாகவும் நினைக்க முடியவில்லை. எதிர்வீட்டு ஆள் கீழே இறங்கி வந்து, "என்னங்க, சாவி தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

பதினோராவது நாள் மதியம், கனமான ஒரு நோயாளியை ஸ்ட்ரெச்சரிலிருந்து ஸ்கேன் பலகைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது கனம் வந்தது. இந்தத் தடவை உட்கார்ந்தும் போகவில்லை. தாடைக்கு ஏறியது, இடது கைக்கு இறங்கியது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்தான் முதலில் பார்த்தார். "அக்கா, மூச்சு விடுங்க. அக்கா! மூச்சு விடுங்க" என்று கத்தினார். பிறகு சுருட்டை ஓடி வந்தாள். ஸ்ப்ரே, ஈசிஜி, சக்கர நாற்காலி, மேல் மாடி வார்டு. மாரடைப்பு இல்லை என்று தெரிய நான்கு மணி நேரம் ஆனது. நிமிஷம் கட்டிலருகில் வந்து நின்று, "மாத்திரை எடுக்கறீங்கதானே?" என்று கேட்டார். "மறந்துட்டேன் டாக்டர்" என்றாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

திட்டுவதற்கு அக்கா வந்தாள். "உனக்கு என்ன வயசுடி ஆச்சு, மாத்திரைய மறக்கறதுக்கு? எனக்கும்தான் நாலு வருஷமா நெஞ்சு அடைக்குது, படபடன்னு அடிச்சுக்குது, யார்கிட்ட சொன்னேன்?" அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். சொல்லிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் மதியம் மகன் வந்தான். அக்கா டீ வாங்க இறங்கிப் போயிருந்தாள். அவன் சட்டையில் பயணக் கசங்கல். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சலைன் இறங்குவதைப் பார்த்தான்.

"மாத்திரைய ஏம்மா நிறுத்தினே?"

"மறந்துட்டேன்டா."

"அதெப்படி மறக்கும்? ஊருக்கே மூச்சு விட ஞாபகப்படுத்தறவ நீ."

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். "நெஞ்சுல ஒரு கனம் இருந்துச்சு. அப்பா போனதுனாலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு அழுகை வரலடா. அன்னைக்கும் வரல, இன்னிக்கு வரைக்கும் வரல. அது ஒண்ணாவது இருக்கேன்னு இருந்தேன். மாத்திரை போட்டதும் அதுவும் போயிடுச்சு. நிறுத்தினா திரும்ப வருதான்னு பாத்தேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா அது வெறும் நெஞ்சு வலிதான்."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரேன் பிடியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை.

"அன்னைக்கு பெரியம்மா போன் பண்ணப்ப நான் மேல கேபின்ல இருந்தேன்" என்றான். "அவங்க அழுததுல ஒண்ணும் புரியல. அப்பாங்கறது மட்டும் புரிஞ்சுது. கப்பல்ல இன்னும் ஏழு பெட்டி இருந்துச்சு. ஏழையும் இறக்கி வச்சிட்டுத்தான் கீழ வந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"ஒழுங்கா இறக்கினியா?"

"ஒண்ணுகூட இடிக்கல."

"அப்புறம்?"

"அப்புறமும் வரல. இன்னும் வரல. எனக்கு ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

அவள் காலை மடக்கி இடம் விட்டாள். அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். மூன்று டீயோடு உள்ளே வந்த அக்கா, தாயும் மகனும் அப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே விசும்பத் தொடங்கினாள். மகன் எழுந்து டீயை வாங்கிக்கொண்டான், சிந்திவிடப் போகிறதே என்று.

அதன் பிறகு அவள் ஒரு வேளைகூட மாத்திரையை விட்டதில்லை. கனம் எப்போதாவது, கடுங்குளிரில் வரும். வந்தால் நின்று, ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, பிறகு நடப்பாள். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். எந்தக் கப்பல் வந்தது, எந்த மெஷின் மக்கர் செய்தது என்பது மாதிரிப் பேச்சுதான். அப்பாவைப் பற்றி ஒரு தடவை பேசினார்கள். அவர் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று. கொடுத்துவிட்டார்கள். அழுகை மட்டும் வரவில்லை. அது வரும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை.

நோயில்லாதவர்கள் பட்டியலிலிருந்து அவளை எடுத்து நோயாளிகள் பட்டியலில் சேர்த்ததில், இருபதாவது ஆள் மறுபடி குறைந்தது. ஒரு நாள் அக்கா தானாகவே வந்து நின்றாள். "எனக்கும் எடுக்கச் சொல்லுடி. எனக்கு எவ்வளவு கறுத்திருக்குன்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள். நிமிஷம் அவளை முழுக்கச் சோதித்து, எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டு, படபடப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பார்த்து, சந்தோஷமாகச் சம்மதித்தார்.

மெஷினை மூச்சக்காவே இயக்கினாள். அக்காவுக்கு மூச்சைப் பிடிப்பதில் கஷ்டம் இல்லை, வாயைப் பிடிப்பதில்தான் கஷ்டம். முதல் தடவை பன்னிரண்டாவது விநாடியில், "இன்னும் எவ்வளவு நேரம்டி?" என்றாள்.

"பேசாதக்கா. படம் கெட்டுடும்."

இரண்டாவது தடவை நாற்பத்திரண்டு விநாடி பிடித்தாள். திரையில் வளையம் நீலத்திலிருந்து மெல்ல மாறி, ஒரு இடம் விடாமல் மஞ்சளானது. அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. மூச்சக்கா தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சத்தத்தையே காணோம்?" ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்தது. "ஏதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லிடு, மறைக்காத."

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கு. முழுக்க நல்லா இருக்கு."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"அப்ப எனக்கு அடைக்கிறது என்னவாம்?" என்றாள் அக்கா, ஏதோ கைநழுவிப் போன குரலில். மூச்சக்கா பலகையை வெளியே நகர்த்துகிற பட்டனை அழுத்திவிட்டு, எழுந்து, அக்கா தடுக்கி விழாமல் இருக்க ஸ்டூலை எடுத்துப் போடப் போனாள்.